ஆறுதலும் ஆற்றுப்படுத்தலும்: குடும்ப நாவல்கள் சிலவற்றைப் பரிந்துரைத்தல் குறித்து

குடும்பம், காதல், மனப்புண் ஆறுதல் என்பவற்றைப் பொருளாகக் கொண்ட சமகால நாவல்கள் சிலவற்றைச் சொல்லுமாறு மாணவர்கள் கேட்குமிடத்து, இலக்கியம் கற்பிப்போரிற் பலர் சற்றுத் தயங்குவதைக் காண்கிறோம். சாதி பற்றியோ, வர்க்கம் பற்றியோ, இனப்பிரச்சினை பற்றியோ கேட்டால் உடனடியாகப் பத்து நூல்களின் பெயர்கள் வந்துவிடும். குடும்பம் என்றதும் தயக்கம் வருகிறது; காதல் என்றதும் சிறு புன்னகையும் சேர்ந்துகொள்கிறது. இத்தயக்கம் எங்கிருந்து வந்தது, அது நியாயமானதா என்பதை முதலில் ஆராய்ந்த பின்னரே நூல்களின் பெயர்களைச் சொல்வது பொருத்தமாகும்.

ஈழத்துத் தமிழ் விமர்சனம் முற்போக்கு இயக்கத்தின் மடியில் வளர்ந்தது. பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்தபோது, நாவல் என்பது பொழுதுபோக்கிற்குரிய கதை அன்று, சமூக உறவுகளின் மாற்றத்தோடு பிறந்து அம்மாற்றத்தையே பொருளாகக் கொள்ளும் இலக்கிய வடிவம் என்ற தெளிவு எமக்குக் கிடைத்தது. அத்தெளிவை நாம் இழக்க வேண்டியதில்லை. ஆயினும் அதனைப் பின்பற்றியோர் சிலரிடம் வேறொரு பழக்கமும் வேரூன்றிற்று. சமூகம் வீட்டுக்கு வெளியே, வயலிலும் ஆலையிலும் கோயில் வீதியிலும் இருப்பதாகவும், வீட்டுக்குள்ளே இருப்பது 'தனிமனித உணர்வு' மட்டுமே என்றும் கொள்ளும் பழக்கம் அது. 'குடும்ப நாவல்' என்ற தொடர் வார இதழ்த் தொடர்கதைக்குரிய பட்டமாகச் சுருங்கியதும் இவ்வாறே. ரமணிசந்திரனின் நாவல்கள் எமது கிராமத்து வாசிகசாலைகளில் ஏடு கிழியக் கிழியப் படிக்கப்பட்டன. அவற்றைப் படித்த பெண்கள் எதைத் தேடினார்கள் என்ற வினாவை எழுப்ப ஆய்வாளர் பெரும்பாலும் முன்வரவில்லை.

அவர்கள் தேடியது ஆறுதலை. அந்நாவல்கள் தந்த ஆறுதல் எத்தகையது என்பது வேறு விடயம். மணவாழ்வில் ஏற்பட்ட முரண், கணவனின் மனமாற்றத்தாலோ பெண்ணின் பொறுமையாலோ தீர்ந்துவிடுகிறது. முரணுக்குக் காரணமான சொத்துறவும் அதிகார உறவும் தொடக்கத்தில் இருந்தவாறே இறுதியிலும் இருக்கின்றன. அண்மைக் காலத்தில் ஜப்பானிய, கொரிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தினூடாக உலகெங்கும் பரவிவரும் 'குணமாக்கும் நாவல்'களிலும் இதன் சாயல் உண்டு. ஒரு கோப்பிக்கடை, ஒரு புத்தகக்கடை, மனமுடைந்து அங்கே வரும் நால்வர், மென்மையான ஓர் உரையாடல், அதன்பின் ஒரு தெளிவு. தொஷிகாசு கவகுச்சியின் கோப்பிக்கடை நாவலில் (2015) கடந்த காலத்திற்குச் சென்று திரும்பும் வாய்ப்புக்கூட வருவோருக்குக் கிடைக்கிறது. ஆயின் எதைச் செய்தாலும் நிகழ்காலம் மாறாது என்பது அக்கடையின் விதி. அந்த விதியில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எமது மாணவர் அந்நூல்களைப் படிப்பதில் தவறு எதுவும் இல்லை. அவற்றை மட்டுமே படிப்பார்களாயின், புண் என்பது ஒருவரின் உள்ளத்தில் மட்டும் உள்ளது, ஒருவரின் உள்ளத்திலேயே அது ஆறிவிடும் என்ற எண்ணம் நிலைபெற்றுவிடும். யாழ்ப்பாணத்தில் அவ்வாறு எண்ணுவது கடினம்.

இவ்விடத்து எமது சொற்களையே சற்று நோக்கலாம். உளநலப் பணியாளர் செய்யும் தொழிலுக்கு இங்கே 'உளவளத்துணை' என்றும் 'சீர்மியம்' என்றும் 'ஆற்றுப்படுத்தல்' என்றும் சொற்கள் வழங்குகின்றன. மூன்றாவது சொல் ஆற்றுப்படை என்னும் பழைய இலக்கிய வகையை நினைவூட்டுகிறது. பரிசில் பெற்று மீளும் ஒருவன் வறுமையில் வாடும் இன்னொருவனை எதிர்ப்பட்டு, தான் சென்ற வழியை அவனுக்குக் காட்டுவதே அவ்வகையின் அமைப்பு. அங்கே துயர் தீர்வது ஒருவன் தனித்திருந்து தெளிவதனால் அன்று. அதே வழியில் நடந்த ஒருவன் எதிரே வருவதனால். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலும் அதன் பின்னர் எழுதியவற்றிலும், போரின் தாக்கம் தனியாளின் நோயாக மட்டும் அன்றிக் குடும்பத்தினதும் சமுதாயத்தினதும் நோயாகவும் வெளிப்படுவதை விளக்கியுள்ளார். எமது நாடகம் இதனை நாவலுக்கு முன்னரே உணர்ந்துகொண்டது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ', 'எந்தையும் தாயும்' ஆகியவற்றை மேடையிற் கண்டோர் அதனை அறிவர். நாவல் பின்தங்கியே வந்தது. அது இயல்புமாகும்; நாவலாசிரியனுக்குக் காலம் வேண்டும், கடதாசி வேண்டும், வாசகனுக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடமாவது வேண்டும்.

பரிந்துரைக்கும் நூல்களுள் முதலாவதைச் சமகால நாவல் என எவரும் சொல்லார். மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வெளிவந்தது. அதற்கு முதலாண்டு, 1913இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கான கல்லூரியை நிறுவினார். ஒன்று கிறித்துவச் சூழலில் எழுந்த நூல். மற்றையது சைவப் பெண்கல்விக்கென எழுந்த நிறுவனம். எனினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, வலிகாமத்தின் இப்பகுதியில் எழுத்தறிந்த பெண் என்ற புதிய வாசகி உருவாகிவந்தமை புலனாகும். நூற்பெயர் விவிலிய வழக்கிலிருந்து வந்தது. நொறுங்கிய உள்ளத்தை இறைவன் ஏற்பான் என்ற நம்பிக்கையே நாவலின் ஆறுதல். அந்த ஆறுதலை இன்றைய வாசகர் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆயின் நல்ல குடும்பம், செல்வம், பெற்றோர் பார்த்துச் செய்த மணம் ஆகிய யாவும் கூடியிருந்தும் ஒரு பெண் எவ்வாறு நொறுங்குகிறாள் என்பதை வீட்டின் உள்ளிருந்து ஒரு பெண்ணே சொன்னமை எமது நாவல் வரலாற்றில் மிக முந்திய நிகழ்வு. தேசிய இலக்கியம் பற்றிய எமது விவாதங்களில் அவர் பெயர் நெடுங்காலம் அரிதாகவே ஒலித்தது. குடும்பம் 'உள்விடயம்' எனத் தள்ளப்பட்டமையும் அதற்கு ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

அடுத்து, ஒரே பெயர் கொண்ட இரு நாவல்கள். செ. கணேசலிங்கனின் 'சடங்கு' 1966இலும், எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' 1971இலும் நூலாயின. கணேசலிங்கன் மார்க்சியர், எஸ்.பொ. முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்ற பதாகையைத் தூக்கியவர். இருவரும் ஒருவரையொருவர் மறுத்தவர்கள். அவர்தம் ஆதரவாளர்கள் இரு நூல்களையும் சேர்த்துப் படிப்பதைத் தவிர்த்தனர் என்றே சொல்லலாம். எமது மதிப்பீட்டில், இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதே யாழ்ப்பாணக் குடும்பம் பற்றிய சிறந்த பாடம்.

கணேசலிங்கனுக்குச் சடங்கு என்பது திருமணம். சீதனம், உத்தியோகம், காணி, சாதி, கௌரவம் ஆகியவற்றின் கொடுக்கல்வாங்கலாக மத்தியதர வர்க்கத்தின் திருமணம் நடந்தேறும் முறையை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுகிறார். காதல் அங்கே இந்தக் கணக்கில் இடமில்லாத ஒரு தொகை. சில இடங்களில் பாத்திரங்கள் ஆசிரியரின் கருத்தைச் சொல்வதற்கென்றே வாய் திறக்கின்றன. இக்குறையை அவர்மீது அன்புடையோரும் எடுத்துக்காட்டியுள்ளனர். எஸ்.பொ.வுக்குச் சடங்கு என்பது அத்திருமணத்திற்குப் பிந்திய வாழ்வு. கொழும்பில் எழுதுவினைஞனாகத் தொழில்புரியும் செந்தில்நாதன் மனைவி அன்னலெட்சுமியை நாடிப் புகையிரதம் ஏறி யாழ்ப்பாணம் வருகிறான். வீடு நிறையச் சுற்றம், பிள்ளைகள், வேலைகள், கடமைகள். கணவனும் மனைவியும் தனித்திருக்கச் சிறிது பொழுது கிடைப்பதே அரிதாகிறது. நாவல் முழுவதும் அந்த எதிர்பார்ப்பும் ஏமாற்றமுமே. இதனை ஆபாசம் என்றோரும் உளர். நகைச்சுவை என்று மட்டும் படித்தோரும் உளர்.

நாம் இதனை ஒரு தொழில் நாவலாகவும் படிக்கிறோம். குடாநாட்டு நிலம் படித்த இளைஞர்களுக்குச் சோறு போடப் போதாமையால் அரசாங்க உத்தியோகமும், அதனாற் கொழும்பு வாழ்வும், அதனால் இரு நகரங்களுக்கிடையே பிளவுண்ட தாம்பத்தியமும் வந்தன. கணேசலிங்கன் எந்தச் சந்தையில் மணமகன் விலைப்படுகிறான் என்று காட்டினாரோ, அதே சந்தை அவனது உடலையும் அவன் மனைவியின் உடலையும் என்ன செய்கிறது என்பதை எஸ்.பொ. காட்டுகிறார். மார்க்சியர் எழுதாது விட்ட இரண்டாம் பாகத்தை மார்க்சியத்தோடு முரண்பட்டவர் எழுதினார் என்பதில் எமக்கு வியப்பில்லை. தனிமனித உணர்வு என ஒதுக்கப்பட்டது தொழிற்பிரிவினையின் விளைவாகவே அங்கு நிற்கிறது.

1983இன் பின்னர் அப்பிளவு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கவில்லை, கண்டங்களுக்கிடையே விரிந்தது. தேவகாந்தனின் 'கனவுச்சிறை' இதனைப் பொருளாகக் கொண்ட பெருநாவல். 1981 தொடக்கம் 2001 வரையான இருபதாண்டுக் காலத்தை ஐந்து பாகங்களில் விரிக்கும் இந்நாவல் நயினாதீவில் வேர்கொண்டு, தமிழகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் கிளைவிடுகிறது. கணவன் வெளிநாடு செல்ல, மனைவி தீவிற் காத்திருக்கிறாள். காத்திருத்தல் தமிழ்க் கவிதைக்குப் பழைய பொருள்; முல்லைத்திணையின் உரிப்பொருளே அதுதான். மருதனார்மடத்தில் இயங்கும் பல்கலைக்கழக நுண்கலைப் பீடத்தில் நடனம் பயிலும் மாணவி, தலைவனைப் பிரிந்த தலைவியின் விரகத்தை ஒரு பதத்திற்கு அபிநயிக்கும்போது அனைவரும் உயர்கலை என்கிறோம். அதே விரகம் ஒரு வெளிநாட்டுக்காரரின் மனைவிக்கு உண்டு என நாவல் சொல்லுமிடத்து முகஞ்சுளிக்கிறோம். இம்முரண்பாடு அழகியல் சார்ந்ததன்று. பெண்ணின் விருப்பம் தெய்வத்தை நோக்கியதாக இருக்கும்வரை மட்டுமே அதனைப் பொறுத்துக்கொள்ளும் சமூகப் பண்பு. தேவகாந்தன் தம் நாயகியைக் காத்திருப்பதோடு நிறுத்தவில்லை. அவள் அலைகிறாள், தீர்மானிக்கிறாள், அரசியலைப் பற்றிச் சிந்திக்கிறாள். நாவல் நீண்டது, சில விவாதப் பகுதிகள் தளர்ந்தும் செல்கின்றன. எனினும் பிரிவு ஒரு குடும்பத்தின் கணக்கை ஆண்டுக்காண்டு எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய இந்த நீளம் தேவைப்படுகிறது.

2009இன் பின்னர் வந்த நாவல்கள் பல. சயந்தனின் 'ஆறாவடு' (2012) தன் பெயரிலேயே வினாவை வைத்திருக்கிறது. வள்ளுவர் நாவினாற் சுட்டதற்குச் சொன்ன சொல்லை, இத்தாலியை நோக்கிப் படகேறியவர்களின் வாழ்வுக்கு அவர் மாற்றிக்கொண்டார். அவரது 'ஆதிரை' (2015) அதனினும் பெரிய முயற்சி. மலையகத்திலிருந்து வன்முறையால் விரட்டப்பட்டு வன்னியிற் குடியேறியவர்களையும் உள்ளடக்கி, போர் என்பதை ஒரு சாதாரண ஊரின் பல குடும்பங்களினூடாகச் சொல்கிறது. யாழ்ப்பாண வேளாளக் குடும்பத்தையே 'தமிழ்க் குடும்பம்' எனக் கொள்ளும் பழக்கத்திற்கு இது தக்க மாற்று. தமிழ்நதியின் 'பார்த்தீனியம்' (2016) இயக்கங்களின் காலத்துக் காதலைச் சொல்வது. காதலை அரசியலின் அலங்காரமாக்காமல், அரசியலாற் பாழ்பட்ட ஒன்றாகவே காட்டுவது அதன் பலம்.

இவற்றுள் நாம் முதலிடம் கொடுப்பது தமிழ்க்கவியின் 'ஊழிக்கால'த்திற்கு (2013). வன்னிப் போரின் இறுதிக் காலத்தில், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இடம்விட்டு இடம் நகரும் பார்வதி என்ற முதியவளின் கதை இது. அழகிய தொடர்கள் குறைவு. அடுப்பு மூட்டுதல், அரிசி தேடுதல், பதுங்குகுழி வெட்டுதல், மறுபடி மூட்டை கட்டுதல் ஆகியனவே பக்கம் பக்கமாக வருகின்றன. இலக்கிய நயம் நாடுவோர் இதனைக் குறையென்பர். எமக்கு இதுவே நூலின் நேர்மை. குடும்பம் என்பது இரத்த உறவு என்பதினும் நாளாந்தம் செய்து முடிக்கவேண்டிய வேலை என்பதை இந்நாவல் ஓரிடத்திலும் கூறாமலே உணர்த்துகிறது. அழுவதற்குப் பார்வதிக்கு நேரமில்லை. அழுகைக்கு நேரமில்லாத ஒருத்தியின் துயர் எங்கே போகிறது என்ற வினா வாசகரிடம் எஞ்சுகிறது. தீபச்செல்வனின் 'நடுகல்' (2018) அவ்வினாவை மறுபக்கத்திலிருந்து தொடர்கிறது. போராடி மடிந்த மூத்த மகனின் ஒரு நிழற்படத்தைத் தேடும் தாயும் அவளது இளைய மகனும் அங்கே வருகின்றனர். நிழற்படம் இல்லாதவிடத்துத் துக்கம் அனுட்டிப்பதும் இயலாதாகிறது. இந்நாவலின் அரசியற் சாய்வோடு உடன்படாதோரும் அத்தாயின் தேடலைப் படிக்கலாம்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரு நாவல்களையும் இப்பட்டியலிற் சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் எழுதுவது அந்நியப்பட்ட செயல் என்ற பழைய ஐயம் எமக்கும் தெரியும். ஆயின் எமது கதைகளை இன்று உலகம் பெரும்பாலும் அம்மொழியிலேயே படிக்கிறது. நாம் படித்து மதிப்பிடாவிடின் மதிப்பீட்டைப் பிறர் கையில் விட்டவராவோம்.

அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பசேஜ் நோர்த்' (2021) புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கொழும்பில் வாழும் கிருஷன் என்ற இளைஞன், தன் அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்ற பெண் கிணற்றில் விழுந்து இறந்தமை அறிந்து, அவளது இறுதிச் சடங்கிற்காக வடக்கே புகையிரதத்திற் செல்கிறான். ராணி இரு ஆண்மக்களையும் போருக்குப் பறிகொடுத்தவள். மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றுவந்தவள். இன்னொருபுறம், அவன் முன்னர் காதலித்த அஞ்சும் என்பவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. நிகழ்ச்சிகள் இவ்வளவே. மேகதூதமும், மனத்துக்குள்ளே கோயில் கட்டிய பூசலாரின் வரலாறும் அவனது சிந்தனையில் விரிகின்றன. தமிழில் எழுதுவோர் இந்நூலிடம் கற்க வேண்டியது உண்டு: காதலையும் போரையும் ஒரே தொனியில், ஒன்றை மற்றதற்கு அடிமையாக்காமற் பேசுதல்.

எமது மறுப்பும் உண்டு. நாவல் முழுவதிலும் உரையாடல் நேரடியாக வருவதில்லை. யாவும் கிருஷனின் எண்ணத்தினூடாகவே எம்மை அடைகின்றன. இது ஆசிரியர் விரும்பித் தெரிந்த உத்தி. அதன் விளைவாக, கூலிக்கு வேறொரு வீட்டு முதியவளைப் பராமரித்துக்கொண்டே தன் பிள்ளைகளை நினைத்திருந்த ராணியின் துயர், படித்த மத்தியதர வர்க்க இளைஞனொருவனின் தியானப் பொருளாகிறது. ராணிக்கும் அப்பம்மாவுக்கும் இடையே வளர்ந்த நெருக்கம் நாவலின் மிகச் சிறந்த பகுதி. தொழிலாளியும் அவளை நாடியிருப்பவளும் ஒருவருக்கொருவர் மருந்தாகும் அவ்வுறவை இன்னும் நெடிது காட்டியிருக்கலாம் என்பது எமது ஆதங்கம். பார்வதிக்கு அழ நேரமில்லை. கிருஷனுக்குச் சிந்திக்க நேரம் தாராளமாக உண்டு. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர், துயரத்தை நினைந்து அமர்ந்திருக்கும் ஓய்வுகூட வர்க்கத்தாற் பங்கிடப்பட்டிருப்பதைக் காண்பர்.

வீ. வீ. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' (2023) 2024ஆம் ஆண்டுக்கான புனைகதைக்குரிய மகளிர் பரிசைப் பெற்றது. 1980களின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பயில விழையும் சசி என்ற பெண், நான்கு சகோதரர், அயல்வீட்டு இளைஞன் கே. கொதிநீர் கொட்டிய அவள் உடலில் முட்டையை உடைத்து ஊற்றி அவன் எரிவைத் தணிக்கும் காட்சியோடு அவர்களது உறவு தொடங்குகிறது. பின்னர் அவன் இயக்கத்திற் சேர்ந்து உண்ணாநோன்பிருந்து இறக்கும்போது, மருத்துவ மாணவியான அவள் அருகிருந்தும் குணமாக்க இயலாதவளாகிறாள். காதலையும் வைத்தியத்தையும் அரசியலையும் இவ்வாறு ஒரே கயிற்றில் முறுக்கியமை ஆசிரியரின் திறன். நாவலில் வரும் உடற்கூற்றியல் ஆசிரியை அஞ்சலியைப் படிக்கும் எவரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்குத் தலைமை தாங்கி 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினையாதிருக்க முடியாது. அரசின் கொடுமையையும் இயக்கத்தின் கொடுமையையும் ஒரே நூலில் எழுதியமைக்காக இதன்மேற் சினப்போர் எம்மிடையே உளர். சினத்தோடாவது படிக்க வேண்டும். ஒரு தரப்புக் காயத்தை மட்டும் காயமெனக் கொண்டால் புண் உள்ளே அழுகிப்போகும் என்பதை எமது பல்கலைக்கழகம் தன் வரலாற்றிலேயே அறிந்திருக்கிறது.

நாம் படித்த நாவல்களில் மையப்பொருளாகாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் ஏற்பாடு. கணவன் இருக்குமிடம் தெரியாவிடின் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அச்சம்மதத்திற்கு ஈடான ஆணையைப் பெறவேண்டும். காணாமலாக்கப்பட்டவனின் மனைவி, அவன் இறந்தான் என ஒப்புக்கொள்ளாமலும் இருக்கிறான் எனக் காட்ட இயலாமலும், தன் தாய் தந்த வீட்டின்மீது உரிமை செலுத்த நீதிமன்றப் படியேறுகிறாள். 2016இல் மரணச் சான்றிதழுக்கு மாற்றாகக் 'காணப்படாமைச் சான்றிதழ்' வழங்கச் சட்டம் இடமளித்தது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் உறவினர் தொடங்கிய போராட்டமோ சான்றிதழை அன்று, விடையையே கேட்டது. சீதனமும் காதலும் சட்டமும் ஆறாத புண்ணும் ஒரே பெண்ணின் கையிலுள்ள கோப்பில் சேர்ந்திருக்கின்றன. கணேசலிங்கனின் சடங்கும் எஸ்.பொ.வின் சடங்கும் சந்திக்கும் இடம் அதுவே; மூன்றாவது 'சடங்கு' அங்கிருந்து எழுதப்படலாம்.

மாணவர் கேட்ட பட்டியலுக்கு வருவோம். எல்லோருக்கும் எல்லா நூலும் பொருந்தாது. அண்மையில் இழப்புக்குள்ளான ஒருவருக்கு 'நடுகல்'லை உடனே கொடுக்கலாகாது. 'நொறுங்குண்ட இருதயம்' போன்ற தொலைவுள்ள நூல் அவருக்கு இதமாயிருக்கும். திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீட்டில் இரு 'சடங்கு'களும் இருக்கட்டும், பெற்றோருக்கும் சேர்த்தே. வெளிநாட்டிலுள்ள தந்தையைத் தொலைபேசியில் மட்டுமே அறிந்தவர்கள் 'கனவுச்சிறை'யைப் பொறுமையோடு படிக்கலாம். ஐந்து பாகங்களையும் ஒரே விடுமுறையில் முடிக்க முயல வேண்டாம். ஆங்கிலம் இடர்ப்படுத்துமாயின் 'பிரதர்லெஸ் நைட்'டை முதலிலும் 'எ பசேஜ் நோர்த்'தைப் பின்னரும் எடுத்துக்கொள்வது நன்று. முன்னதன் நடை எளிது. அம்மம்மாவோ அப்பம்மாவோ வளர்த்த பிள்ளைகள் இங்கு பலர். அவர்கள் 'ஊழிக்கால'த்தைத் தாம் படித்தபின், எழுத்துக்கூட்டிப் படிக்கும் கண்பார்வை அம்முதியவருக்கு இல்லையாயின், மாலையில் ஓர் அத்தியாயமாக அவருக்கு வாசித்துக்காட்டலாம். இடையிடையே அவர் குறுக்கிட்டு, அப்படி அன்று, இப்படித்தான் நடந்தது என்று திருத்துவார்.